பழுப்பு ஏறாத இடங்கள்

மெழுகுக் கட்டியை நான்கு மைக்ரானுக்குச் சீவி
வெந்நீர்த் தொட்டியில் மிதக்க விட்டேன்.
வெங்காயத்தின் உள்தோல் மாதிரி விரிந்தது.
கண்ணாடியில் ஏந்தி எண் எழுதினேன்: 1147, மூன்று.
பெயர் எழுதக் கூடாது.
பெயர் எனக்குத் தெரியும்.
நேற்று ஜன்னலில் ததேயுஸ் சொல்லிவிட்டார்:
கொச்சுத்திரேஸ், இனயம், சூலகத்தில் கட்டி.

ஆசாரிப்பள்ளம் சாலையில், பேக்கரிக்கு மேல் மாடியில்,
நான் தேடுவது ஒரு நொதி.

அஸ்பரஜின் என்று ஓர் அமினோ அமிலம்.
மலையடிவாரத்தில் வேலியேறிக் கிடக்கிற
தண்ணீர்விட்டான் கொடிக்கு
எங்கோ குளிர்நாட்டில் ஓர் உறவு உண்டு;
அதன் தண்டுச் சாற்றில் கண்டெடுத்தார்களாம்,
பெயரும் அந்த வழி வந்ததுதான்.
மருந்து கட்டியைத் தொடாது.
இரத்தத்தில் ஓடும் அஸ்பரஜினை உடைத்துப் போடும், அவ்வளவே.
சரக்கு வராது.

தடைக்காலம் மாதிரி.
குளச்சலில் விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடக்கையில்
அன்றன்றைக்கு வாங்கித் தின்கிற வீடு
முதல் வாரமே கடன் கேட்டுப் போகும்.
கொல்லையில் மரச்சீனி நட்ட வீட்டில்
புகை எழும்பிக்கொண்டே இருக்கும்.

கட்டிக்குச் சொந்த அடுப்பு உண்டா?
அந்த நொதிதான் அடுப்பு.
இருந்தால் பழுப்பு ஏறும்.
இல்லாவிட்டால் வெறும் நீலம்.

மரபணு இருக்கிறது, ஆர்என்ஏவும் இருக்கிறது என்று
சென்னையிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது.
டாக்டர் வினுலதா அதை மேசையில் கவிழ்த்து வைத்தார்.
"கல்யாணச் சாமான் பட்டியலைப் பார்த்து
பந்தியில் எத்தனை பேர் உண்டார்கள் என்று சொல்வாயா?
சட்டியைத் திறந்து பார்."

நாலரைக்குக் கரண்ட் போனது.
இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது, என் கைதான்
ஒரு விநாடி பிந்தியது.
கழுவினேன். நிறமேற்றினேன். மறுபடி கழுவினேன்.
ஒப்புக்கு வைத்த சதைத்துண்டு
கருப்பட்டிப் பாகு போலப் பழுப்பேறி நின்றது.
அப்படியானால் மருந்தில் கோளாறில்லை.
இனி அவளுடையது.

நீலம்.
கடல் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்,
சட்டைப் பையில் பேனா கசிந்த நீலம்.
நகர்த்தினேன், நீலம். இன்னும் நகர்த்தினேன்.
மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

இடது கீழ் ஓரத்தில்
ஒரு தெரு மட்டும் விளக்கேற்றி வைத்திருந்தது.

எண்ணினேன்: ஐந்நூறில் நாற்பது.
மறுபடி எண்ணினேன்: நாற்பத்து மூன்று.

ததேயுஸ் ஜன்னலில் நின்றார்.
சட்டையில் மழை, கையில் மட்டிப்பழச் சீப்பு.
"உண்டுமா, இல்லியா?"
டாக்டர்தான் சொல்வார் என்றேன். சட்டம் அது.
அவர் பழத்தைக் கம்பிக்கு இந்தப் புறம் வைத்தார்.
"இல்லேன்னா நல்லதுன்னு சொன்னாவ.
கடலுக்கு எறங்கும்போ எங்க வீட்டுல
இல்லன்னு ஒரு சொல்லு சொல்லப்பிடாது, பாத்துக்கிடுங்க.
உப்பு தீந்தாலும் நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லுவா.
இப்ப ரெண்டு பேரும் ராவெல்லாம்
இல்ல, இல்ல, இல்லன்னு செபிக்கிதோம்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது,
பாதிதான்.

குறைவு என்று எழுதினேன்.
பத்து விழுக்காட்டுக்குக் கீழே.
மருந்து கேட்க வாய்ப்பு உண்டு;
அதற்கு மேல் பேச அந்த எண்ணுக்கு நாக்கில்லை.
பசி வந்த பிறகு
கல் மூன்று கூட்டி அடுப்பு மூட்டக் கற்கும் வீடுகளும் உண்டு,
அவற்றை எந்தச் சாயமும் முன்கூட்டிக் காட்டாது.

படிவத்தில் கீழே ஒரு சின்னக் கட்டம்: குறிப்பு.
வழக்கமாக அதை வெறுமனே விட்டுவிடுவோம்.
இடது கீழ் ஓரம், நாற்பத்து மூன்று, பழுப்பு
என்று எழுதிக் கொடுத்தேன்.

வினுலதா கண்ணாடியைக் கழற்றி வாசித்தார்,
திரும்பக் கண்ணாடி போட்டு
லென்ஸில் அந்தத் தெருவைத் தேடிப் போனார்.
வெகு நேரம் தலை நிமிரவில்லை.
கையெழுத்திட்டபோது
என் வரியை அடிக்கவில்லை.